காய்ச்சலுக்குப் பொறுப்பு

ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பித்தது, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஓயவில்லை. அம்மா அப்பாவை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் மாசமா இருக்கேன்னு தெரியும்ல? இருமிக்கிட்டே வந்து பக்கத்துல உக்காந்தா காய்ச்சல் ஒட்டாம என்ன செய்யும்?"

"தப்புதான்," என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

முன் சீட்டுக்காரர் திரும்பி அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தார். நடுவில் மாட்டிக்கொண்ட மகனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மனச்சிதைவு நோய் அவனுக்குத்தான். மாத்திரை நன்றாகவே கேட்கிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறான். வம்பு வந்தது போன மாதம் டாக்டர் கேட்ட கேள்வியில்.

"இவர் வயித்துல இருந்தப்போ உங்களுக்குக் காய்ச்சல் ஏதாவது வந்துச்சாம்மா?"

"வந்துச்சே டாக்டர். படுத்த படுக்கையா கெடந்தேன்."

"அது ஒரு சின்னக் காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அப்படிக் காய்ச்சல் வந்தவங்க பிள்ளைங்க பெரும்பாலும் நல்லாத்தான் இருக்காங்க. இதுல யார் தப்பும் இல்லம்மா."

அம்மா காதில் காய்ச்சல் மட்டும்தான் விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நான்தான்டா உன்னைக் கெடுத்துட்டேன்" என்று அவன் தலையைத் தடவித் தடவி அழுவாள். நோயைக்கூடத் தாங்கிக்கொண்டான், இதைத் தாங்க முடியவில்லை.

இன்று டாக்டர் முன்னால் அப்பா தொண்டையைச் செருமினார்.

"அந்தக் காய்ச்சலைக் கொண்டாந்தது நான்தான் டாக்டர். வேலை செய்யற இடத்துல பிடிச்சுது, வீட்டுக்கு வந்து இவளுக்கும் குடுத்துட்டேன்."

அவ்வளவுதான், அம்மா பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் காபி போடப் போய்விட்டார். அம்மா தட்டை எடுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒரு மாதத்துக்கும் சேர்த்து வயிறாரச் சாப்பிட்டாள்.

அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா பாவம்மா. வேணும்னா செஞ்சாரு? பஸ்ல அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசறியே."

அம்மா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டேய், எனக்குக் காய்ச்சல் வந்தப்போ உங்கப்பா கப்பல் வேலையில நடுக்கடல்ல இருந்தாரு. நீ பொறந்தப்புறம்தான் வந்து சேர்ந்தாரு."



"அப்புறம் எதுக்கும்மா திட்டினே?"

"பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன், என் மனசு ஆறணும்னு டாக்டர் முன்னாடி சொல்லிட்டாரு. நான் திட்டலேன்னா, பலிக்கலையோன்னு தவிச்சுப் போயிடுவாருடா."