நிலைப்படி இல்லாத வீடு

"யாருக்குன்னே சொல்லாம வீல்சேர் குடு, வீட்டை மாத்திக் கட்ட உதவி பண்ணுன்னா எப்படிங்க?"

திருப்பதியில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு சேவா சங்கத்தின் செயலாளர் நாகபூஷணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்யும் முதல் வேலை அது. எதிரே பெஞ்சின் நுனியில் சின்னசாமியும் அவர் மனைவி பொன்னியம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். நகரிப் பக்கத்துக் கிராமம். கூலி வேலை செய்து, இப்போதுதான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிய குடும்பம்.

"சித்தூர் கலெக்டர் ஆபீசுல கேட்டுட்டுதான் சார் வரோம். நடக்க முடியாதவங்க சர்டிபிகேட்ட கொண்டான்றாங்க. அத நான் எப்டி கொண்டாருவேன்?" என்றார் சின்னசாமி.

"உங்க சம்சாரத்துக்கா?"

"எனக்கின்னா கேடு? நாளெல்லாம் கழனிக்கும் வூட்டுக்கும் ஓடிக்கினுதான கீறேன்!" என்று பொன்னியம்மாள் வெடுக்கென்று சொன்னாள்.

"அப்ப பொண்ணுக்கா?"

"பேரு சொல்லி ஊர்ல பரவிச்சுனா தப்பாப் பூடும் சார். ஞாயித்துக்கெழம எம்பொண்ணு சந்தியாவ பாக்க வராங்க. அதுக்குள்ள வேல முடிஞ்சாவணும்," என்றார் சின்னசாமி.

நாகபூஷணம் திடுக்கிட்டார். "பொண்ணு பாக்க வர்ற நேரத்துலயா? வாசல்ல சரிவு மேடை, உள்ளே வீல்சேர்... பாத்ததும் வீட்ல சீக்காளி இருக்குன்னு அப்படியே திரும்பிடுவாங்க. கல்யாணம் முடியட்டும், அப்புறமா கட்டிக்குங்க."

சின்னசாமி எழுந்தார். மேசைமேல் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார்.

நாகபூஷணம் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

"இதுக்குன்னு கேட்டு இங்க ஒருத்தரும் வந்ததில்லைங்க. வீல்சேரை இன்னிக்கே பஸ்ல ஏத்திக்குங்க. சிமெண்டு, மேஸ்திரி கூலி எல்லாம் சங்கம் பாத்துக்கும். சரிவு நீளமா, தாழ்வா இருக்கணும். கதவை அகலமாக்கணும். பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி வேணும். முக்கியமா அந்த நிலைப்படியைப் பேத்துடணும்."

"நெலப்படியயா?" பொன்னியம்மாள் பதறிவிட்டாள். "மஞ்சா பூசி பொட்டு வெக்கற படி சார். கல்யாணம் பேசற வூட்ல அத பேத்தா லச்சுமி நிப்பாளா?"

சின்னசாமி அவளைப் பார்த்தார். அவள் பெருமூச்சு விட்டாள். "சரி, பேத்துக்கோ. வெள்ளிக்கெழம மட்டும் வாணாம்."

ஞாயிற்றுக்கிழமை சூளூர்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை ஹரிபாபுவுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அந்தத் தெருவுக்கு இப்படி ஒரு வரன் வந்ததே கிடையாது. சந்தியா அவன் போட்டோவைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்ததும், அம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்ததும் தனிக்கதை.

முதலில் நுழைந்தவள் மாப்பிள்ளையின் அத்தை செங்கம்மா. உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள்.

"இன்னாது, நெலப்படியே காணோம்? அத பேத்துட்டு யாராச்சும் வூட்ல நல்ல காரியம் பேசுவாங்களா?"

செங்கம்மாவின் கண் சும்மா இருக்குமா? வாசல் சரிவு, அகலக் கதவு, பாத்ரூம் கம்பி என்று வீடு முழுக்க மேய்ந்து, கடைசியில் மூலையில் மடித்து வைத்த வீல்சேரில் வந்து நின்றது.

"யாருக்கு இது?"

"எங்க வூட்ல யாருக்கும் இல்லம்மா," என்றார் சின்னசாமி.

"யாருக்கும் இல்லாமதான் செவுத்துல கம்பி அடிச்சிக்கினீங்களா? பொண்ண நடந்து காட்டச் சொல்லு!"

சந்தியா காபித் தட்டோடு வந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, வந்த வழியே போய்க் கதவோரம் நின்றாள். நடையில் ஒரு குறையும் இல்லை. செங்கம்மாவுக்கு அதுவும் போதவில்லை.

"அப்ப உள்ள யாரயோ படுக்க வெச்சிட்டு மறைக்கறீங்க. பரம்பரச் சீக்கா இருந்தா எங்க புள்ள கதி? சீக்காளிய மறைச்சிட்டு சம்பந்தம் பேசறதெல்லாம் ஒரு பொழப்பா? அண்ணா, எழுந்திரு, போலாம்!"

மாப்பிள்ளையின் அப்பா அண்ணாதுரை எழுந்திருக்கவில்லை. தலையும் நிமிரவில்லை. ஹரிபாபு வாசலில் இருந்த சரிவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. எல்லாம் போயிற்று என்று சந்தியாவின் கண்கள் நிரம்பின.

சின்னசாமி மூலைக்குப் போய் வீல்சேரை விரித்தார். அதன் இருக்கையைத் துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டுச் சரிவு வழியே வாசலுக்கு இறக்கினார்.

"தரகரு வாய் தவறிச் சொல்ட்டாரு, மாப்ள. போற வூட்ல எல்லாம் படி ஏற முடியாதுன்னு உங்கம்மாவ தெரு முனையில வேன்லயே உக்கார வெச்சிட்டு, நீங்க மட்டும் உள்ள போறீங்களாமே. வாங்க, ரெண்டு பேருமாப் போயி அவங்கள கூட்டியாரலாம். அவங்க பாக்காம எம்பொண்ண வேற யாரு பாத்து இன்னா?"