எதை முதலில் படிப்பது?

எழுத்தாளர் காணாமல் போனதிலிருந்து, யார் கதவைத் தட்டினாலும் அவர் மனைவி ஓடிப்போய்த் திறந்தாள். இன்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அவருடைய ரசிகர்கள், ஒரு தையல்காரரும் ஒரு டாக்சி டிரைவரும். உட்கார்ந்ததும் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.

"சாரோட சாகசக் கதைங்களை வெளிவந்த வரிசையிலதான் படிக்கணும்!" என்றார் தையல்காரர்.

"அட போங்க! கடைசிக் கதையை முதல்ல படிங்க. கேப்டனை முதுகுல குத்தினது சொந்தத் தம்பிதான்னு தெரிஞ்சுக்கிட்டு மத்ததைப் படிச்சா, பக்கத்துக்குப் பக்கம் புல்லரிக்கும்!" என்றார் டிரைவர்.

தையல்காரர் விழித்தார். "கேப்டனுக்கு ஏதுங்க தம்பி?"

"இருங்கண்ணே, டீ போடறேன்," என்று எழுந்துபோன மனைவி, சமையலறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டாள்.

தம்பி வரும் கதை இன்னும் அச்சுக்கே போகவில்லை. அதன் ஒரே பிரதியைப் பையில் வைத்துக்கொண்டுதான் அவள் கணவர் அன்று டாக்சி ஏறினார்.