சிவப்பு மஸ்டாங்கின் இடப்பக்கம்

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊர்த் திடலில், விற்பனைக்கு நிற்கும் இரண்டு பழைய கார்களின் மேல் காலை வெயில் வழிகிறது. மஞ்சள் மொனாரோ அந்த நாட்டிலேயே பிறந்தது. சிவப்பு மஸ்டாங் அமெரிக்காவிலிருந்து வந்தது. வாங்க வந்திருக்கும் கிளைவின் வீட்டுக் கொட்டகையில் ஒரு காருக்குத்தான் இடம். "ரெண்டுக்கும் எட்டு சிலிண்டர்தான். ஆனா அமெரிக்காக்காரி உறுமுறதக் கேளு!" என்கிறார் அவர். "நம்மூர்க்காரிக்கு என்ன கொறச்சல்? ஸ்பேர் பார்ட்டும் பக்கத்துலயே கெடைக்கும்," என்கிறாள் மனைவி நோரீன், சாஸ் வடியும் சாசேஜ் ரொட்டியைக் கடித்தபடி. அவள் சம்மதிக்காமல் எதுவும் வீட்டுக்கு வராது. "சும்மா உக்காந்து பாருங்க," என்று மஸ்டாங்கின் சொந்தக்காரர் சாவியை உள்ளே செருகிவிட்டு நகர்கிறார். நாற்பது வருடப் பழக்கத்தில் கிளைவ் வலப்பக்கமும் நோரீன் இடப்பக்கமும் ஏறிக்கொள்கிறார்கள். ஸ்டியரிங்கைத் தேடிய கிளைவின் கைகள் காற்றைப் பிடிக்கின்றன. அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம், நோரீனின் முன்னால் இருக்கிறது. சுற்றி நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். "எறங்குடி, மாறி உக்காருவோம்," என்கிறார் கிளைவ், காது சிவக்க. நோரீன் கட்டைவிரலில் ஒட்டிய சாஸை நக்கிவிட்டுச் சாவியைத் திருகுகிறாள். இருக்கை அதிர்கிறது, வேலிமேல் இருந்த பறவைகள் கூட்டமாக எழும்புகின்றன. "பேசாம உக்காரு கிளைவ். இதையே வாங்கிடலாம், நான்தான் ஓட்டுவேன்."