செருப்புத் தக்கை

"ரெண்டு ஜாஸ்மிக்கும் எலும்பிலதான் கேடு" என்றார் மெக்கானிக் கோலப்பன், ராம்பில் ஏற்றியிருந்த மீன் வண்டியின் அடியில் நின்றபடி.

ஷிஜினுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஜாஸ்மி அவன் மனைவி, பள்ளிக்கூட டீச்சர். ஸ்கூட்டரில் சறுக்கி விழுந்து, ஐந்து வாரமாக இடது கையில் மாவுக்கட்டு. ஒர்க்‌ஷாப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு ஜாஸ்மி, அவள் பேரைப் பின்பலகையில் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கும் இந்த மினி லாரி.

"மூணு மாசம் முன்னால நீங்கதானே அண்ணாச்சி, அடியில துருப் பிடிக்காம இருக்க மருந்து அடிச்சீங்க?"

"அடிச்சேன். வெளிப்பக்கம் பாரும், அப்படியே இருக்கு. இது உள்ளேருந்து எறங்கின தண்ணி."

கோலப்பன் ஸ்க்ரூடிரைவரால் வண்டியின் அடிச்சட்டத்தைச் சுரண்டினார். கறுப்புப் பூச்சு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. அடியில் இருந்த துரு செம்மண்போல உதிர்ந்தது.

ஷிஜின் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலை கிடைக்காமல் லோன் போட்டு வாங்கிய வண்டி. மீன் பெட்டியில் ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் இரும்பை எப்படித் தின்னும் என்று பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்து வைத்திருந்தான். மருந்து அடித்த அன்றே, வடிகிற தண்ணீரைப் பிடிக்க அடியில் மாட்டியிருந்த தகரத் தொட்டியையும் கழற்றச் சொல்லிவிட்டான்.

"உப்புத் தண்ணி ஒரு சொட்டு அடியில தங்கப்பிடாது. தளத்தில இருக்க ஓட்டை வழியா நேரா கீழ போகட்டும்" என்றான் அன்று.

அவ்வளவு பார்த்துச் செய்தும் இந்தக் கதி.

கோலப்பன் கையை மேலே விட்டு எதையோ பிடுங்கினார். கலங்கல் தண்ணீர் நாற்றத்தோடு கொட்டியது. அவர் விரல்களுக்கிடையே ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் செய்த ஒரு தக்கை.

"ஓட்டையை அடச்சு வச்சிருக்கான். அளவெடுத்துச் செதுக்கினது. தண்ணி போக வழியில்லாம சட்டத்துக்குள்ள எறங்கி நிக்கு. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா சட்டம் அப்பளமா நொறுங்கியிருக்கும்."

வண்டியைத் தொடுவது ஒரே ஆள்தான். ஷிஜின் திரும்பினான். டிரைவர் முருகதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இது நீங்க வச்சதா?"

"ஆமா தம்பி."

"எதுக்கு?"

முருகதாஸ் ஓரக்கண்ணால் வாசல் நாற்காலியைப் பார்த்தார்.

"நான் சோத்துக்கு நம்பியிருக்கது இந்த ஒத்த வண்டிய. நீங்க அதுக்க அடியில குழி தோண்டுதீங்க. சாவியத் தாங்க."

முருகதாஸ் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து நீட்டினார்.

"ஏன் வச்சாருன்னு ஒழுங்கா கேட்டியளா?" என்றாள் நாற்காலியிலிருந்து ஜாஸ்மி.

"கேட்டாச்சு. வாயத் தெறக்க மாட்டேங்காரு."

"நான் இருக்கேன்லா, அதாயிருக்கும். நான் போய் டீ வாங்கிட்டு வாரேன்."

அவள் ரோட்டைத் தாண்டும்வரை முருகதாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர் விழுந்த அன்னைக்கு நீங்க வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் போட்டீங்கல்லா?"

ஷிஜின் மறக்கவில்லை. மாவுக்கட்டுக் கையின் போட்டோ. கீழே ஒரு வரி: 'மீன் தண்ணியை ரோட்டில் ஒழுகவிட்டுப் போகிறவனுக்கு மனசாட்சி உண்டா? சுசீந்திரம் பாலத்து வளைவு, காலை 8.10.' நூற்றிநாற்பது பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் கூடச் சேர்ந்து திட்டினார்கள்.

"எட்டு பத்துக்கு அந்த வளைவில திரும்பினது நான்தான் தம்பி. சின்னமுட்டம் ஹார்பர் மீன் சரக்கோட. பின்னால ஒரு ஸ்கூட்டர் சறுக்கினது எனக்குத் தெரியல்ல. சாயந்திரம் உங்க ஸ்டேட்டஸப் பாத்த பொறவுதான் நம்ம வண்டின்னு புரிஞ்சுது. மறுநாளே செருப்ப வெட்டிட்டேன். ரோட்டில ஓடுத நேரம் முழுக்க ஓட்டைய அடச்சு வச்சிருப்பேன், சந்தையில ஓடைப் பக்கம் நிறுத்தி உருவி விடுவேன். சட்டத்துக்குள்ள எறங்கும்னு நெனைக்கல்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல? தொட்டியக் கழத்தச் சொன்னது நீங்க. ஊரே அந்த வண்டிக்காரனத் திட்டிட்டுக் கெடக்கு. டீச்சர் காதில விழுந்தா உங்களுக்குள்ள சங்கடம். துருன்னா சொரண்டி மருந்து அடிச்சிரலாம்."

ஷிஜின் தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். அதை முருகதாஸின் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டான்.

கோலப்பன் தொண்டையைச் செருமினார். "ஃபைபர் தொட்டி ஒண்ணு கெடக்கு. துரு அண்டாது. மாட்டட்டா?"

"மாட்டுங்க அண்ணாச்சி. இன்னைக்கே."

டீப் பொட்டலத்தோடு ஜாஸ்மி வந்தாள். முருகதாஸின் பையில் துருத்திக்கொண்டிருந்த சாவியைப் பார்த்தாள். ஷிஜினை நாலு பேப்பர் கப்பில் டீயை ஊற்றச் சொல்லி, முதல் கப்பை அவரிடம் கொடுத்தாள்.

ஷிஜின் தன் கப்பைக் கீழே வைத்தான். மறைத்துவைக்க அவனால் முடியாது.

"ஜாஸ்மி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உன்ன விழவச்ச வண்டி எதுன்னு தெரிஞ்சுபோச்சு."

அவள் டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். ரோட்டில கெடந்து தலையத் தூக்கினா, போற வண்டிக்குப் பின்னால எம் பேருதான் எழுதியிருந்து."