பின் வரிசைச் சிரிப்பு

"சிரிக்கிற லட்சணத்தைப் பாரு" என்று மனதுக்குள் பல்லைக் கடித்தாள் வெர்னா.

மினசோட்டாவில் பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான இருவர் நடிப்புப் போட்டி. வாரம் முழுக்கப் பல் டாக்டர் பக்கத்தில் நின்று ஊரார் வாயைப் பார்க்கிறவள், நடுவருக்கு ஆள் இல்லை என்று மகளின் பழைய டீச்சர் கெஞ்சியதால் வந்து மாட்டிக்கொண்டாள். காலையிலிருந்து விவாகரத்து, விபத்து, புற்றுநோய் என்று பிள்ளைகள் மாறி மாறி அழுது தீர்த்துவிட்டார்கள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. காபி எப்போதோ ஆறிப்போயிருந்தது.

இது மூன்றாவது சுற்று. அறையில் ஆறு ஜோடிகள். ஒன்றிலிருந்து ஆறு வரை ரேங்க் போடவேண்டும். மூன்று சுற்று ரேங்கையும் கூட்டி, குறைவாக வந்தவர்களுக்குத்தான் ஃபைனல்.

முதலில் நடித்த மைலீயும் ப்ரிட்டாவும்தான் அவளை நிமிர்ந்து உட்காரவைத்தார்கள். விதிப்படி ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே அக்கா தங்கையாகச் சண்டை போட்டு, கடைசியில் ராசியானார்கள். வெர்னா ரேங்க் பதியும் ஃபோனைத் திறந்தாள். யோசிக்காமல் முதல் ரேங்க் போட்டாள்.

பின் வரிசைக்குப் போகும்போது மைலீ தோழியிடம் முணுமுணுத்தது காதில் விழுந்தது. "கடைசி வருஷம்டி. ஒரு தடவையாவது ஃபைனல் மேடை ஏறிடணும்."

ஏறிடுவே போ, என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாவதாக வந்தவர்கள் வெண்டல் என்ற பையனும் ஜோரி என்ற பெண்ணும். உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்கப் போய், கூடாரம் போடத் தெரியாமல் தவிக்கும் புருஷன் பெண்டாட்டி வேஷம். நகைச்சுவைதான். ஆனால் முதல் ஜோக்குக்கு ஒருவர்கூட உதட்டைப் பிரிக்கவில்லை. ஜோரியின் குரல் நடுங்கியது.

அந்த நேரத்தில்தான் பின் வரிசையிலிருந்து சிரிப்பு வெடித்தது. மைலீயும் ப்ரிட்டாவும்.

வெர்னா திரும்பி முறைத்தாள். அவர்கள் அசரவில்லை. அடுத்த வசனத்துக்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஜோரியின் முகம் காதுவரை சிவந்துவிட்டது.

திறமை இருந்தால் திமிரும் வந்துவிடுமா? பாவம், தடுமாறுகிற பிள்ளைகளை இப்படியா கேலி செய்வது? வெர்னா மறுபடி ஃபோனை எடுத்தாள். மைலீ, ப்ரிட்டாவின் ரேங்கை ஒன்றிலிருந்து ஐந்துக்குத் தள்ளினாள். 'நடிக்கத் தெரிகிறது, மற்றவர்களை மதிக்கத் தெரியவில்லை' என்று எழுதினாள். வெண்டல், ஜோரிக்கு இரண்டு போட்டாள். அவ்வளவு மோசமாகவும் அவர்கள் நடிக்கவில்லை. சிரிப்புச் சத்தம் எழுந்த பிறகு நன்றாகவே செய்திருந்தார்கள். ஆறாவது ஜோடியும் முடித்ததும் எல்லா ரேங்கையும் அனுப்பியாயிற்று. அனுப்பினால் மாற்ற முடியாது.

மதியம் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஃபைனல் பட்டியல் ஒட்டினார்கள். கடைசி இடம் வெண்டல், ஜோரிக்கு. மைலீயும் ப்ரிட்டாவும் ஒரே ஒரு புள்ளியில் வெளியே. மைலீ பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை தேடிப்பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கற்றுக்கொள்ளட்டும், என்று வெர்னா ஆறிய பீட்சாவைக் கடித்தாள்.

பரிசு கொடுத்து முடிக்கும்வரை அவளைக் கூட்டிவந்த பள்ளிக்கூட பஸ் கிளம்பாது. வேறு வழியில்லாமல் அவளும் ஃபைனல் பார்க்க அரங்கத்தில் போய் உட்கார்ந்தாள். பெரிய அரங்கம். முன்னால் மூன்று நடுவர்கள், மூன்று பேரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி.

வெண்டல், ஜோரியின் பெயரைக் கூப்பிட்டதும் கதவு திறந்தது. மைலீயும் ப்ரிட்டாவும் ஓட்டமும் நடையுமாக வந்து வெர்னாவுக்கு முன் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

தோற்ற கடுப்பில் இங்கேயும் வந்துவிட்டார்களா? வெர்னாவால் பொறுக்க முடியவில்லை. முன்னால் குனிந்தாள்.

"ஏம்மா, இங்கயும் சிரிக்கப் போறீங்களா?"

மைலீ திரும்பினாள். அழுது சிவந்த கண். ஆனாலும் முகத்தில் ஒரு நிம்மதி.

"ஆமா மேடம். எங்க ரவுண்ட் ஜட்ஜ்தானே நீங்க? அங்க சத்தம் ஜாஸ்தியாயிடுச்சா? ஸாரி. வேற வழி தெரியல."

"என்ன வழி?"

"காலையில மொத ரவுண்டுல இவங்களுக்கு யாருமே சிரிக்கல மேடம். ஜோரி பாத்ரூம்ல ஒக்காந்து ஒரே அழுகை. பஸ்ல போய் ஒக்காந்துக்கிறேன், இனிமே நடிக்கவே மாட்டேன்னா. நீ நடி, நாங்க வந்து சிரிக்கிறோம்னு சொன்னோம். எங்கெங்க ஜோக் வரும்னு அவகிட்டயே கேட்டு மனப்பாடம் பண்ணிட்டோம். ரெண்டாவது ரவுண்டுல எங்களோடத முடிச்சுட்டு அவங்க ரூமுக்கு ஓடினோம். யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சா போதும் மேடம், மத்தவங்களும் சிரிச்சிடுவாங்க."

வெர்னாவின் கை தானாக ஃபோனுக்குப் போனது.

மேடையில் ஜோரி வந்து நின்றாள். அவள் கண் கூட்டத்தில் யாரையோ தேடியது. மைலீயைக் கண்டதும் தோள் இறங்கி மூச்சு விட்டாள்.

மைலீ கடைசியாக ஒருதடவை திரும்பி, வெர்னாவின் காதருகே கிசுகிசுத்தாள்.

"இது ரொம்பப் பெரிய ஹால் மேடம், எங்க ரெண்டு பேர் சிரிப்பு பத்தாது. நீங்களும் கொஞ்சம் சேர்ந்து சிரிக்கிறீங்களா?"