ஹேங் ஆகாத லேப்டாப்

மகள் கல்யாண வீடியோவுக்குச் சொல்லிவிட்டுப் போகக் கல்மண்டபம் ஏரியாவில் இருக்கும் பென்னியின் ஸ்டூடியோவுக்கு வந்த லூர்து, மேஜைமேல் தன் பக்கம் ஆப்பிள் சின்னம் தெரிய விரிந்திருந்த லேப்டாப்பையே பார்த்தார்.

“இன்னா பென்னி, அவ்ளோ துட்டுக்கு ஒர்த்தா இது?”

“இது வந்தப்புறம் ஆர்டர் டபுளு, அண்ணாத்தே.”

“ஹேங் ஆவுமா?”

“ஒரு நாள்கூட ஆனதில்ல.”

“சூடு?”

“தொட்டுப் பாருங்க, ஐஸு!”

லூர்துவின் முகம் மலர்ந்தது. “எம் புள்ள ஆபீஸ் வேலைக்கு இதான் வோணும்னு ஒரே பேஜாரு. நீயே சொல்லிட்ட. பொண்ணுக்கு ஒரு வளையல் கொறைச்சாவது இன்னிக்கே வாங்கிட்றேன்.”

பென்னி கணக்குப் போட்டான். உண்மையைச் சொன்னால் ஆர்டர் போச்சு. சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் வளையல் போச்சு.

லேப்டாப்பைத் தூக்கித் திருப்பிக் காட்டினான். திரை இல்லை, உள்ளே எதுவுமே இல்லை. வெறும் கூடு.

“காயலான் கடைல வாங்கினது அண்ணாத்தே. கஸ்டமர் பாக்க வெச்சிகினு கீறேன். எடிட்டிங்லாம் என் வூட்டுக்காரி ரூத்துதான், உள்ள பழைய கம்ப்யூட்டர்ல.”

லூர்து கூட்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

“இன்னொண்ணு கெடைக்குமா பென்னி? எம் புள்ளயும் நாலு பேரு பாக்கத்தான் கேக்கறான்.”