மேடையில் ஒரு மயில்

பார்வையற்ற பிள்ளைகள் விளையாட்டாக பிரெயில் கற்கட்டும் என்று வந்த பேசும் மின்பலகை, எந்தப் புள்ளியைக் குத்தினாலும் ஓவியமாக்கிப் பாராட்டும். பள்ளி விழா முடியும்வரை பிள்ளைகள் யாரும் வாய் திறக்கக் கூடாது, புள்ளியில்தான் பேச வேண்டும் என்பது பள்ளி இயக்குநர் மகுடபதியின் உத்தரவு. அந்த மகானுக்கு பிரெயிலில் ஓரெழுத்துகூடத் தெரியாது.

மேடையில் ஏழு வயது அல்லி அவசரமாகக் குத்தினாள்: "சார், ஒண்ணுக்கு வருது."

"ஆகா, மயில்!" என்று தேனொழுகச் சொன்னது பலகை. கூட்டம் கைதட்டியது.

கிழிஞ்சுது என்று நினைத்த அல்லி மறுபடி குத்தினாள்: "ரொம்ப முட்டுது சார்."

"ஆகா, தோகை விரிச்சிடுச்சு!"

"பாத்தீங்களா, குழந்தைக்கு என்னா கற்பனை!" என்று பூரித்த மகுடபதி, அவளை ஒட்டி வந்து நின்றார்.

அதுவும் வசதியாகப் போயிற்று. அவருடைய ஷூ நனைந்த பிறகுதான், அவள் எழுதியது அந்த அரங்கில் ஒருவருக்காவது புரிந்தது.